கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால்: கேள்வி பதில்

கேள்வி: கூரையின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் பூசி மூடிவிடலாமா?

மூடலாம், மறுபடி பெயரும். துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் உதிர்கிறது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்வரை உடைத்து, துருவை முழுக்கச் சுரண்டி எடுத்தபிறகு பூசுங்கள். உப்பு ஏறிய கட்டடத்தில் அதுவும் போதாது. புதுப் பூச்சுக்குள் இருக்கும் கம்பி தப்பிக்கும், அதையொட்டிய பழைய பகுதி முன்னைவிட வேகமாக அரிக்கும்.

கேள்வி: பருவநிலை மாற்றத்தால் கட்டடம் துருப்பிடிக்கும் என்பது பூச்சாண்டிதானே?

இல்லை. நல்ல கான்கிரீட்டின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலம் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊறினால் பி.எச். 9-க்குக் கீழே இறங்கிப் படலம் போய்விடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் சுமார் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) இருந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வெயில் கூடினால் அரிப்பும் வேகமெடுக்கும். நனைவதும் காய்வதும் மாறிமாறி வந்தால் இன்னும் மோசம்.

ஒரு துண்டை உடைத்து ஃபினால்ப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்துப் பாருங்கள். காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறமே மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால் ஆபத்து. இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும்: 5 ஆண்டில் 10 மி.மீ. என்றால் 20 ஆண்டில் 20 மி.மீ. அதாவது கவரை, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனை, பாதியாக்கினால் ஆயுள் பாதியாகாது, கால் பங்காகும். அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் கான்கிரீட் போடாதீர்கள்.

கேள்வி: எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பி போட்டால் கவர் எதற்கு?

இந்த வாதம் எனக்குப் பழக்கம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் பாலங்களில் எபாக்சிக் கம்பி போட்டார்கள். பத்தாண்டுகூட ஆகாமல் அரிப்பு தெரிந்தது. வளைக்கும்போதும் இழுக்கும்போதும் விழும் கீறலில் உப்பு நுழைந்துவிடும்.

கேள்வி: அது பழைய கதை. இப்போது தரம் கூடிவிட்டதே?

கூடியிருக்கிறது, சரி. கட்டுபவர் கை கூடியிருக்கிறதா? மெக்சிகோவின் ப்ரோக்ரெசோ துறைமுகப் பாலத்தில் 1940 வாக்கில் ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டார்கள், இன்றும் நிற்கிறது. கடலோரத்தில் பணம் இருந்தால் அதில் போடுங்கள். அப்போதும் கவர் வேண்டும்.

கேள்வி: கவர் குறைத்தால் செலவு மிச்சமா?

கவரைப் பற்றி இது மூன்றாவது தடவை. மேலே கால் பங்குக் கணக்கு இருக்கிறது.

கேள்வி: கழிவறைக் குழாய் கசிகிறது.

பிளம்பரைக் கூப்பிடுங்கள். இன்றைக்கே.