தங்கக் கிளிப்பா, வெள்ளிக் கிளிப்பா? இங்க் பேனா கேள்வி-பதில்

கேள்வி: அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். வரும் மே மாதம் பணி ஓய்வு. நல்ல இங்க் பேனா ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். கடையில் ஒரே கறுப்புப் பேனாவை இரண்டு விதமாகக் காட்டினார்கள். ஒன்றில் கிளிப், மூடி வளையம், நிப் எல்லாம் தங்க நிறம். இன்னொன்றில் எல்லாம் வெள்ளி நிறம். தங்க நிறத்துக்கு 300 ரூபாய் கூடுதல். "வெள்ளி கறுத்துப் போயிடும், தங்கம் அப்படியே இருக்கும்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரர் சொல்வது கொலுசுக்கும் சங்கிலிக்கும் சரி. பேனாவுக்குச் சரியில்லை. அந்த வெள்ளி நிறம் பெரும்பாலும் வெள்ளியே கிடையாது. விலை குறைந்த பேனாக்களில் அது குரோமியம் முலாம். விலை ஏற ஏற ரோடியம், பல்லேடியம், பிளாட்டினம் என்று மாறும். இவை வெள்ளியைப் போலக் கறுப்பதில்லை. அசல் வெள்ளி போட்ட பேனாக்களும் உண்டு. பார்க்கர் 1964-ல் கொண்டுவந்த '75' பேனாவின் உடலே ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அப்படிப்பட்டவற்றில் '925' அல்லது 'ஸ்டெர்லிங்' என்று பொறித்திருக்கும், விலையும் வேறு. அதுதான் கறுக்கும். உங்களுக்குக் காட்டிய பேனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது தங்க நிறத்துக்கு வருவோம். அடியில் பித்தளையோ எஃகோ இருக்கும். அதன்மேல் வழக்கமாக நிக்கல், அதற்கும் மேல் மெல்லிய தங்க முலாம். தங்கம் கறுக்காது என்பது உண்மை. ஆனால் அது மென்மையான உலோகம், பூச்சும் மிக மெல்லியது. உராய்ந்துகொண்டே இருந்தால் தேய்ந்து, பித்தளை பல்லிளித்துவிடும். முதலில் இளிக்கிற இடம் கிளிப்பின் நுனியில் இருக்கும் சின்னக் குமிழ். சட்டைப் பையில் செருகும்போதும் எடுக்கும்போதும் துணியில் உரசுவது அதுதான். அடுத்தது மூடியின் வாயோரம் இருக்கும் வளையத்தின் விளிம்பு. பழைய பேனா ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இந்த இரண்டு இடங்களிலும் மஞ்சள் மங்கி, செம்பு கலந்த ஒரு நிறம் தெரியும். குரோமியமும் ரோடியமும் தங்கத்தைவிட மிகக் கடினமானவை. அதே உரசலை வருடக்கணக்கில் தாங்கும்.

ஆகவே, அப்பா பேனாவை எங்கே வைப்பார் என்று முதலில் யோசியுங்கள். காலையில் சட்டைப் பையில் செருகினால் இரவுதான் எடுப்பார் என்றால் வெள்ளி நிறமே நல்லது. மேசையில் வைத்து எழுதுபவர், வெளியே போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துச் செல்பவர் என்றால் தங்க நிறம் பல ஆண்டுகள் மெருகு குறையாமல் இருக்கும். கறுப்பு உடலுக்குத் தங்க நிறம் எடுப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அடர் சிவப்பு, பழுப்பு, பச்சைக்கும் அப்படித்தான். நீலம், சாம்பல், வெள்ளை உடலுக்கு வெள்ளி நிறம் பொருந்தும். அவருடைய கைக்கடிகாரமும் கண்ணாடி ஃப்ரேமும் என்ன நிறம் என்று பாருங்கள், அவர் ரசனை அதிலேயே தெரிந்துவிடும்.

அந்த 300 ரூபாயைத் தங்கத்தின் விலை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கிளிப், வளையம் எல்லாம் சேர்த்துப் பத்து சதுர சென்டிமீட்டர் பரப்பு என்று வையுங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசினால் இரண்டு மில்லிகிராம் தங்கம்கூடத் தேறாது. '24 கேரட் முலாம்' என்று அட்டையில் போட்டிருப்பது தூய்மையைத்தான் சொல்கிறது. கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, உழைப்பதோ கனத்தைப் பொறுத்தது. எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்த 300-ஐ நிறத்துக்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'தங்க நிப்' என்று போட்டிருந்ததைப் பார்த்து 900 ரூபாய்க்கு ஒரு பேனா வாங்கினேன். நிப்பில் '18 கேஜிபி' என்று பொறித்திருக்கிறது. நண்பரிடம் 25,000 ரூபாய் பேனா ஒன்று இருக்கிறது. அதன் நிப் வெள்ளி நிறம், ஆனால் அது தங்கம் என்கிறார். ஒன்றும் புரியவில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: நண்பர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உங்களுடையது எஃகு நிப். 'கேஜிபி' என்பதில் கடைசி இரண்டு எழுத்துகள் முலாம் பூசியது என்பதைக் குறிக்கின்றன. 18 கேரட் தங்கத்தை மேலே பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிப் தங்கமா என்பதை நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 14 கேரட் என்றால் 585, 18 கேரட் என்றால் 750, 21 கேரட் என்றால் 875. ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு அது. தங்க நிப்பின் மேலேயே ரோடியம் பூசி வெள்ளி நிறமாக்குவது பெரிய கம்பெனிகளில் சர்வ சாதாரணம். ஜப்பான் கம்பெனியான பைலட்டின் கஸ்டம் 742-ம் கஸ்டம் ஹெரிடேஜ் 912-ம் இதற்கு நல்ல உதாரணம். இரண்டிலும் 14 கேரட் நிப், அளவும் ஒன்றுதான். பேனாவின் இரு கோடிகளும் உருண்ட 742-க்குத் தங்க நிறம், கோடிகள் தட்டையான 912-க்கு ரோடியம். வெளித்தோற்றம்தான் வேறு. ஜெர்மனியின் பெலிகன் இதை மாடல் எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. எம்400, எம்600, எம்800 என்று பூஜ்யத்தில் முடிந்தால் தங்க நிறம். எம்405, எம்605, எம்805 என்று ஐந்தில் முடிந்தால் வெள்ளி நிறம். அதே கம்பெனியின் எம்200-ல் நிப் பளபளவென்று தங்க நிறத்தில் இருக்கும், ஆனால் உள்ளே எஃகு.

எஃகு என்றதும் ஏமாந்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம். தாளில் படுவது நிப்பின் முனையில் பற்றவைத்திருக்கும் ஒரு கடினமான கலப்பு உலோகப் புள்ளி. எஃகு நிப்பிலும் தங்க நிப்பிலும் அது உண்டு. எழுத்து வழுக்கிக்கொண்டு போவதும் கீறுவதும் அந்தப் புள்ளியைத் தீட்டிய விதத்தைப் பொறுத்தது. மேலே இருக்கும் முலாமின் நிறத்துக்கு அதில் பங்கில்லை.

தங்க நிப் பேனா வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜூனில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமானபோது, கைக்கடிகாரம், இங்க் பேனா, குந்தன், போல்கி, ஜடாவு நகைகள் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதனால் நகைக்கடையில் கேட்பதுபோல ஹெச்யூஐடி என்ற ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாள எண்ணைப் பேனாக் கடையில் கேட்க முடியாது. நிப்பில் இருக்கும் எண்ணும் பில்லில் எழுதிக் கொடுப்பதும்தான் ஆதாரம். பில்லில் '14 கேரட் தங்க நிப்' என்று எழுதி வாங்குங்கள்.

உங்கள் 900 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் 'தங்க நிப்' என்று மட்டும் போட்டு, முலாம் என்று எங்குமே சொல்லவில்லை என்றால் அது தவறான விளம்பரம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு முதலில் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். போன வருடம் வாங்கிய பேனாவில் விரல் பிடிக்கிற இடத்தில் ஒரு தங்க நிற வளையம். இப்போது அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது. முலாம் போலியா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வியர்வையின் உப்பு அந்தத் துளைகள் வழியே இறங்கி அடியிலிருக்கும் பித்தளையைத் தின்கிறது. பச்சையாக வெளியே வருவது பித்தளையில் உள்ள செம்பு. நிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வளையம் என்றால் மையும் சேர்ந்துகொள்ளும். இரும்பு உப்பும் டானினும் சேர்த்துச் செய்யும் 'அயர்ன் கால்' மைக்கு அமிலத்தன்மை உண்டு, அதை ஊற்றினால் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

உங்களுக்கு நிறத்தைவிட முக்கியம், விரல் படும் இடத்தில் உலோகமே இல்லாமல் பார்ப்பது. கிளிப்பும் மூடி வளையமும் எந்த நிறமாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். பிடிமானம் முழுக்க பிளாஸ்டிக்காகவோ எபோனைட் என்ற கெட்டி ரப்பராகவோ இருக்கட்டும். எபோனைட் என்றால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் ஆகிய பேனாக் கம்பெனிகளில் கையால் கடைந்து செய்கிறார்கள். வியர்த்த விரலுக்கு எபோனைட்டைப் போன்ற பிடிமானம் வேறு கிடையாது என்பது என் கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கந்தகம் வெள்ளிக்குப் பகை. எனவே எபோனைட் பேனாவுக்கு அசல் வெள்ளி வளையம் வேண்டாம். குரோமியமோ தங்க முலாமோ போதும்.

கேள்வி: வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோலப் பேனா கிளிப்பையும் திருநீறு போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். கெட்டி வெள்ளியில் மேற்பரப்பு கொஞ்சம் தேய்ந்தாலும் அடியில் வெள்ளிதான் இருக்கிறது. முலாமில் அப்படி இல்லை. திருநீறு, பற்பசை, பாலிஷ் தடவிய துணி எல்லாமே தங்கப் பூச்சை அரத்தால் ராவுவதுபோல ராவிவிடும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குடத்தோடு நிற்கட்டும். எழுதி முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். அழுக்கு ஒட்டியிருந்தால் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள், அப்புறம் ஈரம் போக உலர்ந்த துணி. குரோமியத்துக்கும் இதே கவனிப்புதான்.

கேள்வி: ஜப்பான் பேனா ஒன்றில் வெள்ளி நிறத்துக்கு, தங்க நிறத்தைவிட அதிக விலை போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?
– வாசகர், மதுரை

பதில்: பிழையாக இருக்காது. அது ரோடியமாக இருக்கும். 2021-ல் ஒரு அவுன்ஸ் ரோடியம் 29,000 டாலரை ஒட்டிப் போனது, தங்கத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல். ஆனாலும் பேனாவில் ஏறுவது மிகச் சொற்பம். தங்க நிப்புக்கு மேலே இன்னொரு முறை பூசுகிற வேலையும் விலையில் சேர்கிறது. அன்றாடம் எழுதுபவர் என்றால் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் பேனாவில் கிளிப் முழுக்க வெளுத்துவிட்டது. கவரிங் நகைக்கு முலாம் போடுபவரிடம் கொடுத்தால் புதிதுபோல ஆக்கித் தருவாரா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கவரிங்குக்குப் பேர்போன ஊரிலேயே இருக்கிறீர்கள், முலாம் போட ஆளுக்குப் பஞ்சமிருக்காது. சிக்கல் கிளிப்பைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. மூடியோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். முலாம் போடும் முன் சுத்தம் செய்கிற சூடான கரைசலில் பழைய பிளாஸ்டிக் வளைந்துபோகும், எபோனைட் நிறம் மாறிவிடும். சில பேனாக்களில் மூடியின் தலையில் இருக்கும் திருகைச் சுற்றினால் கிளிப் தனியாக வந்துவிடும். சிலவற்றில் உள்ளே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், அதைப் பேனா பழுது பார்ப்பவர்தான் எடுக்க வேண்டும். கழற்றிய கிளிப்பை மட்டும் கொடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முலாம் பிடிப்பதற்காக முதலில் மெருகு போடும்போது, பொறித்திருக்கும் கம்பெனி பெயரும் கோடுகளும் அழிந்துவிட வாய்ப்பு உண்டு. பெயர் ஏற்கெனவே மங்கலாக இருந்தால் முலாம் போடாமல் அப்படியே எழுதுங்கள்.