சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

கேள்வி: என் அக்காவுக்கு (வயது 54) மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோதெரபி நடக்கிறது. சர்க்கரைதான் புற்றுநோய்க்கு உணவு என்று கண்டுபிடித்து ஒரு ஜெர்மன் விஞ்ஞானி நோபல் பரிசு பெற்றார் என வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்து, அவருக்குச் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இரண்டு மாதத்தில் 62 கிலோவிலிருந்து 57 கிலோவாக இறங்கிவிட்டார். எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை அளவு) 6.1. நானும் இப்படியே சாப்பிட்டால் எனக்குப் புற்றுநோய் வராமல் இருக்குமா?

பதில்: முதலில் அக்காவுக்கு இன்றிரவே சோறு போடுங்கள். அவருக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீத எடை குறைந்தாலே நாங்கள் கவலைப்படுவோம். அவருக்கு இரண்டே மாதத்தில் 8 சதவீதம் குறைந்திருக்கிறது. கீமோ மருந்துகள் பலவற்றின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறோம் என்பதால், இந்த எடை இழப்பு அவருடைய மருத்துவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

காணொளி சொல்லும் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். 1920களில் பெர்லினின் டாலெம் பகுதியில் இருந்த தம் ஆய்வுக்கூடத்தில், எலியின் புற்றுக்கட்டியை மிக மெல்லிய சீவல்களாக அறுத்துக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, அவை எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கின்றன, எவ்வளவு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன என்று அழுத்தமானியால் அளந்தார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தபோதும் அந்தச் செல்கள் குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல், மாவு புளிப்பதைப் போல, பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி விட்டன. இது உண்மையான, இன்றும் நிலைத்து நிற்கும் கண்டுபிடிப்பு. பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்துவதும், பல புற்றுக்கட்டிகள் படத்தில் ஒளிர்வதும் இதனால்தான்.

ஆனால் 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செல் சுவாசத்துக்கான, அதாவது செல் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிப்பதற்கான, நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. செல்லின் சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று அவர் இறுதிவரை வாதிட்டார். அந்த இடத்தில் பெரிய மனிதரும் சறுக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். பெரும்பாலான புற்றுச் செல்களில் சுவாசம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மரபணு மாற்றங்களே அவற்றைக் குளுக்கோஸை அள்ளி விழுங்க வைக்கின்றன. பெருகுவதற்கான கட்டுமானப் பொருளாகவும் அந்தக் குளுக்கோஸ் பயன்படுகிறது.

சரி, குளுக்கோஸ்தான் தீனி என்றால் அதை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நம் இரத்தம் முழுவதிலும் எந்நேரமும் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான். அந்த அளவு குறைய கல்லீரல் விடாது. சோற்றை நிறுத்தினால், தசையைக் கரைத்து வரும் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் அதுவே குளுக்கோஸைச் செய்துகொள்ளும். கட்டிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துக்கொண்டே இருக்க, அக்காவின் தசைதான் கரையும். அவர் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 85 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் பருப்பு, தயிர், மீன், சுண்டல் எல்லாம் சோற்றோடு சேர்ந்து வர வேண்டும். வாய்ப்புண் இருந்தால் குழைந்த சாதமாகக் கொடுங்கள். பழத்தை நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள்.

உங்கள் விஷயம் வேறு. 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. சர்க்கரை நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குவதாக நிரூபணம் இல்லை. அது சுற்றிவளைத்து வருகிறது. இனிப்பு எடையைக் கூட்டுகிறது, கூடிய எடை இன்சுலினை உயர்த்துகிறது, உயர்ந்த இன்சுலின் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு, மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது என்பதால், அப்போதைய உடல் பருமன் மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல், அதிக எடையோடு தொடர்புடையவை என 13 வகைப் புற்றுநோய்களைக் குறிப்பிட்டது.

ஆகவே சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். பாதியாகக் குறைத்து, அந்த இடத்தைக் காயும் பருப்பும் நிரப்பட்டும். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால், இரண்டு தேக்கரண்டி போட்டு நான்கு வேளை தேநீர் குடிப்பவர் 40 கிராமைத் தொட்டுவிடுகிறார். நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி என்று மாற்றிக்கொள்பவர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள் என்பதை வருத்தத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

உடன்பிறந்தவருக்கு வந்திருப்பதால், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது தொடங்குவது, மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்களைப் பொறுத்தவரை உணவைவிட இது முக்கியம். அக்காவின் அடுத்த கீமோவுக்குப் போகும்போது இரண்டு மாத எடைக் குறிப்பையும், நிறுத்திய உணவுகளின் பட்டியலையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.