பல் விழுந்து யாரும் சாவதில்லை, அம்மா

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக நியூஜெர்சி வந்திருக்கிறேன். மாப்பிள்ளை யூதர். ஆண் குழந்தை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பிறந்த எட்டாம் நாள் வீட்டிலேயே விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் நுனித்தோலை வெட்டும் சடங்கு, செய்வார்களாம். பச்சைக் குழந்தை தாங்குமா? எனக்கு ரத்தம் என்றாலே நடுக்கம். என் தம்பி ஆறு வயதில் பல் விழுந்து, மூன்று நாள் ரத்தம் நிற்காமல் போய்ச்சேர்ந்தவன். சடங்கை மூன்று மாதம் தள்ளிப்போடச் சொன்னால் சம்பந்திகள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?
– ஒரு பாட்டி, திருவாரூர்

பதில்: இதழ் அச்சாகி வர நாளாகும் என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். படித்த அன்றே மகளிடம் காட்டுங்கள்.

சம்பந்தி வீட்டு வழக்கத்தை நாசூக்காக எப்படித் தடுப்பது என்று கேட்டு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டில்தான் வைத்திருப்பேன், தம்பியைப் பற்றிய அந்த ஒரு வரி இல்லாவிட்டால். உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் சொல்லப்போய், எழுத வேண்டிய விஷயத்தையே போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். ஆறு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் பல் விழும். கூரைமேல் எறிந்துவிட்டு விளையாடப் போவார்கள். மூன்று நாள் ரத்தம் கொட்டாது.

உங்கள் தம்பிக்கு ஹீமோபிலியா இருந்திருக்கலாம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதம் ஒன்று பிறவியிலேயே குறைந்திருக்கும் நோய் அது. பெண்கள் சுமப்பார்கள், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத்தான் அடிக்கும். தம்பிக்கு உங்கள் அம்மா வழியாக வந்திருந்தால், அது உங்களிடம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளிடம் இருக்கக் கால்வாசி. பேரனுக்கு எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று என்று தெரிந்தால் எந்த டாக்டரும் பரிசோதனை செய்யாமல் கத்தியைத் தொடமாட்டார். யாராவது அவரிடம் சொன்னால்தானே?

மகளுக்கு இந்த மாமாவைப் பற்றித் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று நம் வீடுகளில் எத்தனை சாவுகளைப் பரண்மேல் ஏற்றிவைத்திருக்கிறோம்! வலிப்பு வந்த அத்தை, பிறந்து பிறந்து இறந்த பிள்ளைகள், எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. வரன் பார்த்தபோது வாயை மூடியது போகட்டும். பேரன் பிறக்கப்போகிற வீட்டிலும் மூடிக்கொண்டிருந்தால் அதற்குக் கூச்சம் என்று பெயர் இல்லை. குற்றம்.

சம்பந்திகள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்கிறீர்கள். உங்கள் தம்பியைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி அவர்கள் மதம் ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டது. யூதர்களின் பழைய சட்டநூலான தால்முத்தில் ஒரு கதை வருகிறது. கலிலேயாவில் செப்போரிஸ் என்ற ஊரில் நாலு அக்கா தங்கைகள். மூத்தவள் மகனுக்கு விருத்தசேதனம் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவள் மகனும் அப்படியே. மூன்றாமவள் மகனும் அப்படியே. நாலாமவள் பிள்ளையோடு ரப்பான் ஷிமோன் பென் கம்லியேல் என்ற மதகுருவிடம் போனாள். செய்யாதே என்றார் அவர். தாய்வழியில் வருகிற வினை என்று அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். பிற்பாடு மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர், அவரே ஒரு வைத்தியர், பட்டென்று எழுதிவைத்தார்: விருத்தசேதனத்தைப் பிறகு செய்துகொள்ளலாம், போன உயிரைத் திருப்ப முடியாது.

சுகப்பிரசவத்தில் பிறந்த பிள்ளைக்கு எட்டாம் நாள் சனிக்கிழமை ஓய்வுநாளில் வந்தாலும், அவர்களுடைய மிகப் புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூரிலேயே வந்தாலும் சடங்கை நிறுத்தமாட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நிறுத்திவிடுவார்கள்; குணமாகி முழுசாக ஏழு நாள் ஆன பிறகுதான். சடங்கு செய்கிற மோஹேல் முன்னதாகவே வந்து குழந்தையைப் பார்ப்பது வழக்கம். உடம்பில் மஞ்சள் தட்டியிருக்கிறதா, பால் இழுத்துக் குடிக்கிறதா, சிறுநீர் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார். துவாரம் இடம் மாறியிருந்தால் கத்தி வைக்கவே கூடாது. பின்னால் அறுவை சிகிச்சை செய்து சரிபண்ண அந்தத் தோல் வேண்டும்.

மஞ்சள் கண்ணுக்குத் தெரியும். உங்கள் தம்பியின் நோய் தெரியாது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், தொப்புள்கொடி விழும்போதுகூட ரத்தம் வராமல் போகலாம். மோஹேல் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவர் கண்ணுக்கு அது அகப்படாது. அதைச் சொல்ல அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

மகள் இதைப் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே சொல்ல வேண்டும், எட்டாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஏனென்றால் இப்படிச் சந்தேகம் இருக்கும்போது ஆயுதம் போட்டோ, வேக்குவம் வைத்தோ குழந்தையை இழுப்பதைத் தவிர்ப்பார்கள். பிறந்ததும் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசியை எப்படிக் கொடுப்பது என்றும் யோசிப்பார்கள். தொப்புள்கொடி ரத்தத்திலேயே பரிசோதனை செய்துவிடலாம். ரத்தம் உறைய வைக்கும் புரதங்களுக்குக் காரணி என்று பெயர், எண் போட்டுச் சொல்வார்கள்; ஹீமோபிலியாவில் குறைவது எட்டாவது அல்லது ஒன்பதாவது. எட்டாம் காரணி குறைவா என்பது அதிலேயே தெரியும். ஒன்பதாம் காரணி பிறந்த குழந்தை எல்லாருக்குமே கொஞ்சம் குறைவாக இருப்பதால், லேசான குறையைக் கண்டுபிடிக்கச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அப்போது உங்கள் மூன்று மாதம் தானாகவே கிடைக்கும். நோய் இல்லை என்று வந்துவிட்டால் எட்டாம் நாள் ஓரமாக உட்கார்ந்திருங்கள். ரத்தம் பார்க்க முடியாவிட்டால் அடுக்களைக்குப் போய்விடுங்கள். சடங்கு வேண்டுமா வேண்டாமா என்பது பெற்றவர்கள் பாடு. தாய் யூதர் அல்லாத பிள்ளை யூதனா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு 1983-ல்தான் தகப்பன் வழியையும் ஏற்றது. அதிலெல்லாம் நீங்கள் தலையைக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் கேட்கப்போவது வேறு. தம்பிக்கு முட்டி வீங்குமா? சும்மா இடித்துக்கொண்டாலே உடம்பு கன்றிப்போகுமா? உங்கள் அம்மாவின் அண்ணன் தம்பிகளில் சின்ன வயதிலேயே போனவர்கள் உண்டா? உங்கள் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? நினைவில்லாததைக் கேட்க ஊரில் சித்தியோ பெரியம்மாவோ இருப்பார்கள். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டால் இங்கே வாசல் தெளிக்கும் நேரமாக இருக்கும், எடுப்பார்கள். தம்பியின் பெயரையும் மகளிடம் சொல்லுங்கள். கடிதத்தில் அதைக்கூட நீங்கள் எழுதவில்லை.