பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்
(கணிதப் பேராசிரியர் பதில்கள்)

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம் படிக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து, வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பில்தான் மனசு நிற்கிறது. வெளிநாட்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் எம்.எஸ். சேர, திருநெல்வேலியில் ஒரு ஏஜென்சி ஆறு பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படி எழுதிக் கொடுத்திருக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. எதைத் தேர்ந்தெடுக்கட்டும்?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: மகளே, வயல் பத்திரம் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும். கையில் எம்.எஸ்சி. வரப்போகிறது. மறுபடியும் காசு கட்டி இன்னொரு முதுகலை எதற்கு? பி.எச்டி.க்கே விண்ணப்பிக்கலாமே! அமெரிக்காவில் நல்ல கணிதத் துறைகள் பி.எச்டி.க்கு எடுத்தால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொல்லி உதவித்தொகையும் தருவார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் பி.எச்டி. என்பதே சம்பள வேலைதான்.

அடுத்தது, தரவரிசை. அது பல்கலைக்கழகம் முழுமைக்கும் போட்ட கணக்கு. வெள்ளத்தைப் பற்றி அங்கே யாராவது யோசிக்கிறார்களா என்று அது சொல்லாது. பயன்பாட்டுக் கணிதம் என்ற பெயரும் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அது கணிதத் துறையைச் சேராத தனிப் பிரிவு. கேம்பிரிட்ஜில் கோட்பாட்டு இயற்பியலோடு சேர்ந்த துறை; பாய்ம இயக்கவியலுக்கு, அதாவது நீரும் காற்றும் ஓடும் விதத்தைப் படிக்கும் கணக்குக்கு, பேர்போனது. வேறு பல இடங்களில் அந்தப் பெயருக்குள் நிதிக் கணக்கும் புள்ளியியலும்தான் நிறைந்திருக்கும். போய்ச் சேர்ந்த பிறகு இது தெரிந்தால் ரொம்பக் கஷ்டம்.

உனக்கு வேண்டியது என்ன? ஆற்றில் ஓடும் தண்ணீருக்கு 1871-இல் செயின்ட் வெனன்ட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய சமன்பாடுகள்தான் இன்றும் அடித்தளம். பாபநாசம் அணையிலிருந்து இத்தனை கன அடி திறந்தால் சேரன்மகாதேவியில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டால், அவற்றைக் கணினியில் தீர்க்க வேண்டும். ஆகவே இந்தச் சமன்பாடுகளின் இனமான பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, அவற்றைக் கணினியில் தீர்க்கும் எண்ணியல் முறைகள், பாய்ம இயக்கவியல் மூன்றும் உயிரோடு இருக்கும் துறையாகப் பார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் இதற்கென்றே அமைந்த ஊர். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டெல்டாரிஸ் என்ற நீர் ஆய்வு நிறுவனமும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதுகலைக் கட்டணம் மிக அதிகம், பி.எச்டி. இடம் கிடைத்தால் சம்பளத்தோடு போகலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரன்ட் கணித நிறுவனத்தில் கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயத் தனி மையமே உண்டு. சென்னையில் பிறந்து 2007-இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசு வாங்கிய கணித மேதை வரதன் பணியாற்றிய இடம் அது.

ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் ஒரு மாலை உட்கார். பேராசிரியர்களின் அண்மைக்காலக் கட்டுரைத் தலைப்புகளைப் படி, வாராந்திர செமினார்களில் என்ன பேசுகிறார்கள் என்று பார். உன் விஷயத்துக்கு ஒருவர் மட்டும்தான் இருக்கிறார் என்றால் யோசி. அவர் ஓய்வுபெற்றாலோ வேறிடம் போனாலோ நீ தனியாக நிற்பாய். அங்கே படிக்கும் மாணவருக்கு மின்னஞ்சல் எழுதி, உதவித்தொகை எத்தனை வருஷத்துக்கு உறுதி என்று கேள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உன் எம்.எஸ்சி.யில் கணினி நிரல் எழுதிப் பழகவே இல்லை என்றால், இன்னொரு முதுகலைக்கும் நியாயம் உண்டு. அப்போது ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னைப் பார். தொழில்துறைக் கணிதத்துக்குப் பெயர்பெற்ற ஊர், பக்கத்திலேயே ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற சில இடங்களில் மட்டும் நம்மைப் போன்றவர்களிடம் வாங்குகிறார்கள். ஆனால் விசாவுக்கு, மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைத்த வங்கிக் கணக்கில் (முடக்கக் கணக்கு) ஒரு வருஷச் செலவைக் காட்டச் சொல்கிறார்கள்; 2025 நிலவரப்படி 11,904 யூரோ, அதாவது 11 லட்சம் ரூபாய்க்கு மேல். அது கட்டணம் அல்ல, மாதாமாதம் உன் கைக்கே திரும்பி வரும். உன் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு.

பெங்களூரில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையத்துக்கும் கட்டாயம் எழுது. உன் சமன்பாடுகளில் அங்கே பலமான ஆட்கள் இருக்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு. பெங்களூர்தானே என்று அப்பாவும் நிம்மதியாக இருப்பார்.

கேள்வி: பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. நேராக அமெரிக்க பி.எச்டி.க்குப் போக முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷப் பட்டம் கேட்கின்றன, மூன்று வருஷத்தை ஏற்பவை குறைவு. இங்கேயே எம்.எஸ்சி. முடியுங்கள் தம்பி. நடுவில் கோடை விடுமுறையில் எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள். 1993 முதல் நடக்கிறது. கணக்கை மனப்பாடம் செய்யாமல் யோசிக்கச் சொல்லித் தருவார்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களிடம் செப்டம்பரிலேயே சொல்லிவையுங்கள்.