மேக்ஸ் ராபின்சன் முன்னோடியா?

கேள்வி: அமெரிக்காவில் தேசிய அளவிலான மாலைச் செய்தியை வழங்கிய முதல் கறுப்பினத்தவர் என்று மேக்ஸ் ராபின்சனைக் கொண்டாடுகிறார்கள். குடித்துவிட்டு, வேலைக்கும் ஒழுங்காக வராமல், கிடைத்த இடத்தைத் தானே கெடுத்துக்கொண்டவர்தானே அவர்? முன்னோடி என்று எப்படிச் சொல்வது?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் அவருடைய கடைசிச் சில வருடங்களை மட்டும் வைத்து ஆளை எடைபோடுகிறீர்கள். 1959க்குப் போங்கள். விர்ஜீனியா மாநிலம் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு டிவி நிலையம் செய்தி வாசிக்க ஆள் தேடியது. வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய வேலை. இருபது வயது ராபின்சன் நேரே போய், எனக்கும் குரல் தேர்வு வையுங்கள் என்று நின்றார். வேலை கிடைத்தது, ஆனால் முகம் தெரியக் கூடாது! அவர் வாசிக்கும்போது திரையில் நிலையத்தின் சின்னம் மட்டும் இருக்கும். ஒருநாள் அந்தச் சின்னத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, முகம் தெரிய வாசித்தார். மறுநாள் வேலை போய்விட்டது. அதுவரை அந்தக் குரலில் யாருக்கும் குறை தெரியவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் வாஷிங்டன். டிவி நிலையத்தில் வேலை பழகுபவராகச் சேர்ந்து, நிருபராகி, அனகோஸ்டியா பகுதிக் கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஆவணப்படமாக்கி, டிவிக்கான எம்மி விருது வாங்கினார். 1978ல் ஏபிசி என்ற தேசிய டிவி நிறுவனத்தின் மாலைச் செய்தி ‘வேர்ல்ட் நியூஸ் டுநைட்’ வந்தது. மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் சேர்ந்து வழங்கினார்கள்: வாஷிங்டனில் ஃபிராங்க் ரெனால்ட்ஸ், லண்டனில் பீட்டர் ஜென்னிங்ஸ், சிகாகோவில் ராபின்சன்.

பதவி கிடைத்ததும் வாயை மூடிக்கொள்ளவில்லை அவர். 1981ல் ஸ்மித் கல்லூரியில் பேசும்போது, அதிபர் ரீகன் பதவியேற்பு, ஈரானிலிருந்து அமெரிக்கப் பணயக்கைதிகள் திரும்பியது ஆகிய பெரிய செய்திகளில் கறுப்பினச் செய்தியாளர்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று சொந்த நிறுவனத்தையே சாடினார். நிர்வாகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது.

சரி, குடி? இருந்தது. மனச்சோர்வும் இருந்தது. 1983ல் உடன் பணிபுரிந்த ரெனால்ட்ஸின் இறுதிச் சடங்குக்குக்கூட அவர் வரவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதன்பின் ஜென்னிங்ஸ் ஒருவரே மாலைச் செய்திக்குப் பொறுப்பானார். வார இறுதிச் செய்திக்குத் தள்ளப்பட்ட ராபின்சன் அடுத்த வருடம் ஏபிசியை விட்டே போனார். ஆனால் அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் அவர் இனத்தவர் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அவர் ஒரு வார்த்தை தடுமாறினாலும் ஓர் இனமே தடுமாறியதாகப் பேசுவார்கள். அந்தப் பாரத்தை வருடக்கணக்கில் சுமந்த மனிதரைத் தனி ஆளின் பலவீனம் என்று மட்டும் எப்படித் தீர்ப்பெழுதுகிறீர்கள்? பின்னால் வருகிறவர்கள் தனியாக நிற்க வேண்டாம் என்றுதான் 1975லேயே கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்குத் தேசியச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார்.

1988 டிசம்பரில், 49 வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். எய்ட்ஸ் என்று வெளியே சொல்லவே குடும்பங்கள் கூசிய காலம் அது. நோயைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தவர், தான் போன பிறகு காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள், நம் மக்கள் விழிப்படையட்டும் என்று கேட்டுக்கொண்டார். குடும்பத்தாரும் சொன்னார்கள். உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.