பெயர் படத்தோடு போகுமா? வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 40,000 படங்களாவது இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் கொஞ்சம், ஹார்டு டிஸ்க்கில் கொஞ்சம், போனில் மீதி. அப்பாவின் ஆல்பங்களை ஸ்கேன் செய்ததில் இன்னொரு 600. மகன், சந்தா கட்டி லைட்ரூம் வாங்கச் சொல்கிறான். தம்பி மகன், “கூகுள் போட்டோஸ் போதும் அத்தை” என்கிறான். எனக்கு வேண்டியது இதுதான்: அப்பா இருக்கிற படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரவேண்டும். கூட நிற்பவர்கள் யார் யார் என்று என் பேத்திக்கும் ஒருநாள் தெரியவேண்டும். எந்த மென்பொருளை எடுக்கட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் பேத்தியைப் பற்றிய வரியை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் தொழில் கற்றது நாகர்கோவிலில் என் சித்தப்பாவின் ஸ்டுடியோவில். நெகட்டிவ்களை வெட்டி, பட்டர் பேப்பர் கவரில் போட்டு, கவர் மேல் ஒரு எண் எழுதுவோம். அந்த எண்ணுக்கு யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதெல்லாம் நீளமான ரிஜிஸ்டரில் இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, ரிஜிஸ்டர் அலமாரி முழுக்க நனைந்தது. மை கரைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. நெகட்டிவ்கள் இருந்த பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2317, 2318, 2319 என்று எண்கள் பளிச்சென்று இருந்தன. யார் என்றுதான் தெரியவில்லை. பிறகு பல வருடம் கழித்து ஒரு அம்மா வந்து, இறந்துபோன தன் அண்ணனின் கல்யாணப் படம் கிடைக்குமா என்று கேட்டார். பீரோவில் அது நிச்சயம் இருந்தது. என்னால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கவர் மேலேயே பெயர் எழுத ஆரம்பித்தேன்.

இன்றைய மென்பொருள்களும் இந்த இரண்டு வகைதான். நீங்கள் தட்டச்சு செய்கிற பெயரையும் குறிப்பையும் சில தன் ரிஜிஸ்டரில் வைத்துக்கொள்ளும். சில படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். கோப்புக்குள் எழுதுவதற்கு எக்ஸ்எம்பி என்று ஒரு பொது முறை உண்டு. 2001இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது, இப்போது பெரும்பாலான பட மென்பொருள்கள் அதைப் படிக்கும். அதில் எழுதிய பெயர், படம் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே போகும்.

மகன் சொல்லும் லைட்ரூம் கிளாசிக் நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது முதலில் எல்லாவற்றையும் ‘கேட்டலாக்’ என்ற தன் ரிஜிஸ்டரில்தான் எழுதும். மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியிலும் எழுது என்று அமைப்புகளில் ஒரு டிக் இருக்கிறது. அதை நாம் போட்டால்தான் உண்டு. போட்டாலும், நீங்கள் பிரித்து வைக்கிற ‘கலெக்‌ஷன்’கள் கேட்டலாக்கோடு நின்றுவிடும். கூகுள் போட்டோஸில் தேடுவது அருமையாக இருக்கும். ஆனால் அங்கே எழுதிய குறிப்புகளை மொத்தமாக இறக்கும்போது, அவை படத்துக்குள் வராமல் ஜேசன் என்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளாகப் பக்கத்தில் வரும். அவற்றைப் படங்களோடு சேர்ப்பது பெரிய வேலை. இலவச இடமும் 15 ஜிபிதான், அதையும் ஜிமெயிலோடு பங்குபோட வேண்டும். அதை இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள், தாய்ப் பெட்டியாக வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது டிஜிகேம். முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகங்களைத் தானே கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த வேலை உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடப்பதால் படங்கள் வெளியே எங்கும் போவதில்லை. நிறுவியதும் அமைப்புகளில் ‘மெட்டாடேட்டா’ பகுதிக்குப் போய், டேக் (குறிச்சொல்), கேப்ஷன் (படவிளக்கம்), முகக் குறிப்பு ஆகியவற்றைக் கோப்பில் எழுதச் சொல்லும் கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு பெயரும் எழுதாதீர்கள்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. பத்துப் படங்களைத் தனி போல்டரில் நகல் எடுத்து, பெயர் எழுதி, அந்தப் போல்டரை மகனின் கம்ப்யூட்டரில் வேறு மென்பொருளில் திறக்கச் சொல்லுங்கள். பெயர்கள் அங்கே தெரிந்தால் மீதி 40,000க்கும் இறங்கலாம். எந்த மென்பொருளை யார் சிபாரிசு செய்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

தமிழில் எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எழுதலாம், ஒரு கவனம் வேண்டும். எக்ஸ்எம்பிக்கு முன்பு பத்திரிகைகளுக்காக வந்த ஐபிடிசி என்ற பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் க, ம போன்ற எழுத்து, அதோடு சேரும் கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘மீனாட்சி திருக்கல்யாணம்’ என்று ஒரு படத்துக்கு எழுதினேன். பழைய முறையிலும் சேர்த்து எழுதும் ஒரு மென்பொருளில் அது ‘மீனாட்சி திருக்கல்யாணம’ என்று வந்து நின்றது. முதலில் என் கைத்தவறு என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 67 பைட். 64இல் வெட்டியதில் சரியாகக் கடைசிப் புள்ளி போயிருக்கிறது. அதனால் குறிச்சொற்களைச் சின்னதாக வையுங்கள்: ‘திருக்கல்யாணம்’ ஒன்று, ‘மதுரை’ ஒன்று. நீளமாகச் சொல்ல வேண்டியதைக் கேப்ஷன் பகுதியில் எழுதுங்கள், அங்கே இடம் நிறைய.

பெயர் எழுதும்போது ‘அப்பா’ என்று எழுதாதீர்கள், டீச்சர். உங்கள் பேத்திக்கு அப்பா வேறு ஒருவர். முழுப் பெயரை எழுதுங்கள். அத்தை, சித்தி எல்லோருக்கும் அப்படித்தான். உறவு முறையைக் கேப்ஷனில் சொல்லிக்கொள்ளலாம். குரூப் போட்டோவாக இருந்தால் ‘இடமிருந்து வலம்’ என்று ஆரம்பித்து வரிசையாக எழுதிவிடுங்கள். முகத்தைச் சுற்றிப் போடும் கட்டத்தைப் படிக்காத மென்பொருள்கூட இந்த வாக்கியத்தைக் காட்டும்.

ஸ்கேன் செய்த 600 படங்களும் இப்போது ஸ்கேன் செய்த நாளோடுதான் இருக்கும். 1964 படம் 2023 தீபாவளிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். டிஜிகேமில் தேதியையும் நேரத்தையும் மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு ஆல்பம் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றலாம். நாள் தெரியாவிட்டால் அந்த வருடம் ஜனவரி 1 என்று போட்டு, கேப்ஷனில் ‘சுமார்’ என்று சேருங்கள். ஆல்பத்தின் பின்பக்கத்தில் அப்பா ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தக் கையெழுத்தும் ஒரு படம்தான்.

வாட்ஸ்அப்பில் வந்தவை சுருங்கி, எடுத்த தேதி இழந்து வந்திருக்கும். கோப்பின் பெயரில் 20190514 என்பதுபோல ஒரு எண் இருக்கும், அதை வைத்து நாள் ஓரளவு பிடிக்கலாம். இனிமேல் சொந்தக்காரர்களிடம் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

இத்தனைக்கும் முன்னால், எல்லாவற்றையும் ஒரு புது டிஸ்க்கில் சேர்த்து, இன்னொரு பிரதி எடுத்து மகன் வீட்டில் வைத்துவிடுங்கள். முதலில் அந்த 600இலிருந்து ஆரம்பியுங்கள். அதில் இருக்கும் முகங்களை அடையாளம் சொல்ல இன்று உங்களைப்போல் சிலர்தான் இருக்கிறீர்கள். போன் படங்கள் காத்திருக்கும்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் பிகாசா இன்னும் ஓடுகிறது. அதில் நிறையப் பேருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். லேப்டாப்பை எடைக்குப் போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். கூகுள் தன் பட மென்பொருளான பிகாசாவை 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டாலும் நிறுவியது ஓடும். அதுவே உங்களுக்கு இப்போது பயன்படப்போகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேம் டேக்ஸ் என்று போனால் பெயர்களைப் படத்திலேயே சேமிக்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள். முன்பே கொடுத்த பெயர்களுக்கு, டூல்ஸ், எக்ஸ்பெரிமென்டல் என்று போய் ‘ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி’யையும் அழுத்தி, அது எழுதி முடிக்கும்வரை லேப்டாப்பை ஓடவிடுங்கள். அப்புறம் போல்டர்களை முழுசாக, மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து நகல் எடுங்கள். ஒவ்வொரு போல்டரிலும் மறைவாக ஒரு ‘பிகாசா ஐஎன்ஐ’ கோப்பு இருக்கும், நீங்கள் செய்த திருத்தங்கள் அதில்தான். ‘பிகாசா ஒரிஜினல்ஸ்’ என்ற மறைவுப் போல்டரில் திருத்துவதற்கு முந்தைய அசல் படங்கள் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுக் கம்ப்யூட்டரில் பெயர்கள் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு லேப்டாப்பைக் கொடுங்கள்.

கேள்வி: அண்ணா, செகண்ட்ஹேண்டில் கேமரா வாங்கி, ரா (RAW, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) முறையில் எடுக்கிறேன். கல்யாண ஆர்டர் மாதம் ஒன்று இரண்டு வருகிறது. லைட்ரூமா, டார்க்டேபிளா?
– இளைஞர், மதுரை

பதில்: தம்பி, ஆர்டர் வருகிறது என்றால் நேரம்தான் உன் காசு. ஒரு முகூர்த்தத்துக்கு 2,000 படம் எடுப்பாய். லைட்ரூமில் 2021 முதல் ஆளை மட்டும், வானத்தை மட்டும் தானே பிரித்தெடுக்கும் வசதி வந்துவிட்டது. கையால் வரைந்து பிரிக்கும் வேலை அதில் பெரிதாகக் குறையும். நிரந்தரமாக வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு 2015இன் லைட்ரூம் 6, இப்போது சந்தா மட்டும்தான். சந்தாவை நிறுத்தினால் கிளாசிக்கில் பழைய படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ‘டெவலப்’ பகுதியில் புதிதாகத் திருத்த முடியாது. மாதம் இரண்டு ஆர்டர் நிலையாக வந்தால் கட்டு. இல்லையென்றால் டார்க்டேபிள் போதும். இலவசம், தரத்தில் குறைவில்லை, ஆனால் பழக இரண்டு மாதம் ஆகும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), சிக்மாய்ட் (வெளிச்சத்தையும் நிழலையும் திரைக்கு ஏற்ப அடக்குவது) மூன்றை மட்டும் முதலில் கற்றுக்கொள். மற்ற திருத்தக் கருவிகளைத் திறக்காதே.

ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது என்பதையும் தெரிந்துகொள். வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்ததும், நல்ல படங்களை, திருத்தத்தோடு சேர்ந்த டிஃப் (TIFF) படக் கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிடு.

முடிவு செய்யுமுன் இரண்டிலும் ஒரே 20 படத்தைப் போட்டுப் பார். லைட்ரூமை 7 நாள் காசில்லாமல் பார்க்கலாம். நம்ம ஊர்க் கல்யாணத்தில் சோதனை கூறைப்புடவைதான். மண்டப விளக்கில் சிவப்பு நிறம்தான் முதலில் நிரம்பி வழியும். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் மடிப்பெல்லாம் போய், சிவப்பு அட்டை ஒட்டியதுபோல் தெரியும். ராவில் அந்த மடிப்பும் ஜரிகையும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், எந்த மென்பொருள் அதை முகத்தின் நிறம் கெடாமல் வெளியே கொண்டுவருகிறது என்று பார். அந்த 20இல் குறைந்தது ஐந்து, தாலி கட்டும் நேரத்துப் படங்களாக இருக்கட்டும்.