அந்த நான்கு கிலோ எப்படிக் குறைந்தது?

மூன்று பக்கக் கடிதத்தில் அரிசியிலிருந்து ஆப்பிள் சிடர் வினிகர் வரை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். என் கண் நின்றது கடைசியில், போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்: “குண்டாக்கும் மாத்திரையை மூன்று வாரம் முன்பு நானே நிறுத்திவிட்டேன். நான்கு கிலோ குறைந்திருக்கிறது. காலையில் எழுந்தால் தலைசுற்றல், இரண்டு நாளாக வாந்தி.”

அந்த நான்கு கிலோவுக்கு டயட்டைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

முடக்குவாதத்துக்காக எட்டு மாதம் தினமும் 10 மி.கி. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள். சிறுநீரகத்தின் மேல் குல்லா வைத்ததுபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனை அன்றாடம் சுரக்கும். ஏறக்குறைய 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமமான அளவு. மாதக்கணக்கில் மாத்திரையாகவே அது உள்ளே வந்தால் சுரப்பி தூங்கிவிடும். நீங்கள் நிறுத்திய மறுநாளே எழுந்து வேலைக்கு வராது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். திடீரென்று நிறுத்தினால் பசி போகும், ரத்த அழுத்தம் இறங்கும், எடையும் இறங்கும். அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடிதத்திலிருந்த எண்ணுக்கு உடனே பேசச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப்போல் செய்துவிட்டு எடை மெஷினைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. ஸ்டீராய்டை நிறுத்தியபின் தலைசுற்றலும் வாந்தியும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எழுந்து நிற்க முடியவில்லை, மயக்கம் வருகிறது என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. உள்ளே நுழையும்போதே “ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தேன், நிறுத்திவிட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டிய இடம் அது. சொல்லாததால் “பிரஷர் லோ” என்று வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சாப்பாடு. கத்தரிக்காயும் தக்காளியும் மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, சாப்பிடுங்கள். வினிகரைக் கீழே ஊற்றுங்கள். க்ளூட்டன் ஆகாது என்று யூடியூபில் யாரோ சொன்னதற்காக இட்லியை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியிருக்கிறீர்கள். அம்மா, க்ளூட்டன் என்ற புரதம் இருப்பதே கோதுமை, பார்லி போன்றவற்றில்தான்! அரிசியிலும் உளுந்திலும் அது ஏது?

எடையைக் குறைக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். ஆனால் இந்த மாத்திரை பசியைக் கிளப்பும், உடம்பில் நீரையும் தேக்கும். உங்கள் பட்டியலில் மதியத் தட்டைவிட எனக்கு உறுத்தியது நாலரை மணி: சர்க்கரை போட்ட இரண்டாவது காபி, கூடவே முறுக்கு. அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள். மதியம் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். முட்டை, மீன் உண்டென்றால் நல்லது. இந்த நோயும் மாத்திரையும் சேர்ந்து தசையைக் கரைக்கும். உப்பு மிகுந்த ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் கொஞ்ச நாள் விடுமுறை. பட்டினி மட்டும் வேண்டாம். ரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஸ்டீராய்டு அதையும் ஏற்றும்.

உங்களை உண்மையில் வாட்டுவது முகம் என்று எனக்குத் தெரிகிறது. “என்ன இப்படிப் பூரி மாதிரி ஊதிட்டே” என்று நாத்தனார் கேட்டதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீக்கம் நிரந்தரமில்லை. மருத்துவர் அளவைக் குறைக்கக் குறைக்க, சில மாதங்களில் முகம் வடியும். நோயை அடக்க வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டை ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் ஸ்டீராய்டைக் குறைக்கவே வழி பிறக்கும். (வாரம் ஒருமுறை மட்டும். தினமும் விழுங்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு, அது விஷம்.)

தை மாதக் கல்யாணத்துக்குள் பழைய முகம் வந்துவிடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டை கைப்பையில் இருக்கட்டும்.